விலை குறைந்த இறக்குமதி செயின்சா: யார் வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது

தோட்டத்தில் சாய்ந்த தென்னை, வரப்பில் மண்டிய சீமைக்கருவேலம், ஓட்டுக்கூரை மேல் கிளை நீட்டிய வேம்பு என்று ஆண்டில் சில நாள் மட்டுமே மரம் அறுக்கும் வேலை உள்ள விவசாயி, சீனாவிலிருந்து வந்து இணைய அங்காடிகளிலும் டவுன் பம்புசெட் கடைகளிலும் பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கப்படும் பெட்ரோல் செயின்சாவைத் தாராளமாக வாங்கலாம். மரம் அறுப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதன் பக்கமே போகக் கூடாது. நாள் முழுவதும் சூடேறி ஓடும்போது இந்த மெஷினின் கிளட்சும் ஆயில் பம்பும் கார்புரேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும்; கூலிக்கு வந்த இடத்தில் மெஷின் நின்றால் போவது அன்றைய சம்பளம் மட்டுமல்ல, அடுத்த முறை அழைப்பும்தான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அறுக்க ஆளும் மெஷினும் கிடைக்காமல் பல தோப்புகளில் மரங்கள் விழுந்தபடியே கிடந்தன. அப்படிப்பட்ட நாளுக்காக வீட்டில் ஒரு மெஷின் இருப்பது நல்லதுதான். ஆனால் எட்டு மாதம் கொட்டகையில் தூங்கிய மெஷின் அன்றைக்கு ஸ்டார்ட் ஆக வேண்டும். விலை குறைந்த மெஷினில் அது வாங்கும்போதும் வாங்கிய முதல் வாரத்திலும் நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.

முதலில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்ப்போம். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எனப் பல வண்ணங்களிலும் பல பெயர்களிலும் வரும் மெஷின்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே வார்ப்பில் செய்யப்பட்டவை. ஒட்டியிருக்கும் பெயருக்குப் பெரிய மதிப்பு இல்லை. 58 சிசி, 62 சிசி என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கையேட்டில் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் மில்லிமீட்டரில் இருந்தால், விட்டத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு நகரும் தூரத்தாலும் 0.785ஆலும் பெருக்கி, வருவதை 1000ஆல் வகுத்தால் உண்மையான சிசி கிடைத்துவிடும். விட்டம் 45.2, தூரம் 34 என்றால் விடை ஏறத்தாழ 54.5தான், 58 அல்ல. இந்த வித்தியாசத்தால் தோப்பு வேலை கெட்டுவிடாது. இந்த இன்ஜினில் 22 அங்குலப் பாரை (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை) மாட்டி விற்பதுதான் உண்மையான கேடு. நீளமான பார் வாங்குபவரின் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், இன்ஜினுக்கோ சுமை. தென்னையின் நடுமரம் பெரும்பாலும் ஓர் அடி தடிமன்தான் என்பதால் 18 அங்குலப் பாரும் அதற்குரிய செயினும் கேட்டு வாங்குங்கள். மெஷின் இலகுவாக அறுக்கும், செயினுக்கு எண்ணெயும் சீராகப் போய்ச் சேரும்.

இணையத்தில் வாங்குவதைவிடக் கடையில் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன், விலை ஐந்நூறோ ஆயிரமோ கூடினாலும் சரி. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடி அல்ல. கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச் டிரம், பெட்ரோல் டியூப் ஆகியவை அவரிடம் இருப்பில் உள்ளனவா என்பதுதான். இந்த மெஷின்களின் பெரிய நன்மையே உதிரி பாகம் மலிவு என்பதால், அது கிடைக்காத இடத்தில் வாங்கினால் அந்த நன்மையும் போய்விடும்.

கையில் எடுத்ததும் செயின் பிரேக்கைப் பாருங்கள். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் காப்பை முன்னோக்கித் தள்ளினால் ‘டக்’ என்று விழ வேண்டும். அந்த நிலையில், இன்ஜின் ஓடாதபோது, கையுறை போட்டு இழுத்தாலும் செயின் நகரக் கூடாது. காப்பைப் பின்னுக்கு இழுத்தால் செயின் விடுபட வேண்டும். அடுத்து, மேலே உள்ள பூட்டை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டர் அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் அந்த மெஷின் வேண்டாம். செயின் அறுந்தால் கையில் அடிக்காமல் பிடித்துக்கொள்ளும் சிறு கொக்கி பாரின் அடிப்பக்கத் தொடக்கத்தில் இருக்கும். அதுவும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு கடை வாசலிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடும்போது செயின் சுற்றக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் சிறிது நேரம் கத்திக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள், அப்படி ஓடும் இன்ஜின் சீக்கிரமே பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். கடைசியாகப் பாரின் நுனியை ஓர் அட்டைப் பெட்டியின் மேல் படாமல் நீட்டி வேகம் கொடுங்கள்: அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தால் ஆயில் பம்பு வேலை செய்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அறுக்கப் போகாதீர்கள். தொழிற்சாலையில் அரைகுறையாக முறுக்கிய திருகுகள் அதிர்வில் கழன்று விழுவதுதான் இவற்றில் அடிக்கடி நேரும் கோளாறு. குறிப்பாக சைலன்சர் போல்ட்டுகளையும் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கழற்றி, திருகு ஒட்டும் பசை ஒரு சொட்டு விட்டு மீண்டும் முறுக்க வேண்டும். அதன் பிறகு எரிபொருள். இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்; உள்ளே தனியாக எண்ணெய் கிடையாது, பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் அதற்கு உயிர். கையேடு 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) அளந்து ஊற்ற வேண்டும். கண் மதிப்பில் ஊற்றுவதும், ஃபோர்-ஸ்ட்ரோக் பைக் இன்ஜினுக்கு ஊற்றும் ஆயிலைக் கலப்பதும் கூடாது. முதல் இரண்டு மூன்று டேங்க் தீரும்வரை கையளவுக் கிளைகளை மட்டும், இடையிடையே நிறுத்தி அறுங்கள். முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

பெட்டியோடு வரும் செயினைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அதை நம்பியும் இருக்க வேண்டாம். மட்டமான எஃகில் செய்த பற்கள் சீக்கிரம் மழுங்கும். நல்ல நிறுவனத்தின் செயின் ஒன்று வாங்கினால், பலர் மெஷினைத் திட்டிய திட்டெல்லாம் செயினுக்குச் சேர வேண்டியது என்பது தெரியும். வாங்கும்போது பாரின் அடியில் பொறித்திருக்கும் மூன்று அளவுகளையும் எழுதிக்கொண்டு போங்கள். இவ்வகை மெஷினில் பொதுவாக .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்), .058 கேஜ் (உள்பல்லின் தடிமன், அங்குலத்தில்) இருக்கும்; பாரின் பள்ளத்துக்குள் ஓடும் உள்பற்களின் எண்ணிக்கை 18 அங்குலப் பாருக்கு 72, 20-க்கு 76, 22-க்கு 86 என்று வரும். ஒன்று மாறினாலும் செயின் உட்காராது. புதுச் செயின் முதல் பத்து நிமிடத்திலேயே தளரும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும்.

தென்னையும் பனையும் செயினைத் தின்னும் மரங்கள். இரண்டுக்கும் வெளிச்சுற்றில்தான் வைரம்; பட்டையில் மண்ணும் மணலும் ஏறியிருக்கும், அதிலும் அடிமரத்தில் மிக அதிகம். அறுக்கும் இடத்தை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டால் செயினின் கூர்மை வெகுநேரம் நிற்கும். வேலி ஓரத்துப் புளி, வேம்பு ஆகியவற்றில் பழைய ஆணியும் முள்கம்பியும் மரத்துக்குள் புதைந்திருக்கும். பட்டையில் கறுத்த வடு தெரிந்தால் ஓர் அடி தள்ளி அறுங்கள். (பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.) கூர் இருக்கும்வரை மரம் சீவலாகத் தெறிக்கும், மாவாக உதிரத் தொடங்கினால் அழுத்தி அறுக்காமல் அரத்தை எடுக்க வேண்டும். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளித் தேய்க்க வேண்டும். ஒரு பக்கப் பற்கள் தேய்ந்து மறுபக்கம் நீண்டு நின்றால் மெஷின் வளைவாக அறுக்கும்.

மெஷினில் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதி உடல் காப்புக்குப் போக வேண்டும்: கண்ணாடி, காதடைப்பு, கெட்டியான பூட்ஸ், முடிந்தால் செயின் வெட்டாத கால் காப்பு. வேட்டி, லுங்கியோடும் தோளில் துண்டோடும் அறுப்பதை ஊரில் அன்றாடம் பார்க்கிறோம். செயினில் துணி சிக்கினால் அது காலையும் சேர்த்தே இழுக்கும். பாரின் நுனியில் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் என்பதால், இடது கைக் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். ஏணி மேல் நின்றோ தோளுக்கு மேல் தூக்கியோ அறுக்கக் கூடாது.

கொய்யா, எலுமிச்சைக் கிளைகளைக் கழிப்பது மட்டுமே வேலை என்றால் கையடக்கமான பேட்டரி செயின்சா போதும். அதிலும் 48 வோல்ட், 88 வோல்ட் என்ற எழுத்துகளைப் பொருட்படுத்த வேண்டாம்: உள்ளே ஒரே வரிசையில் ஐந்து செல் இருந்தால் முழுச் சார்ஜிலும் 21 வோல்ட்டுக்கு மேல் வராது.

ஓரளவு அடிக்கடி வேலை இருப்பவர்கள் புதிய மலிவு மெஷினையும், ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்களின் பழைய மெஷினையும் எடைபோட்டுப் பார்க்கலாம். சைலன்சரைக் கழற்றி, அங்கே தெரியும் சிலிண்டர் துளை வழியே பார்த்து, பிஸ்டனில் நெடுக்குக் கீறல் இல்லை என்று உறுதி செய்தால் பழையதே மேல். பாதி விலையில் புதிதாக ‘ஸ்டில்’ கிடைக்கிறது என்றால் அது பெரும்பாலும் போலிதான்.

எந்த மெஷினானாலும், வேலை முடிந்து வைக்கும்போது டேங்கில் பெட்ரோலை விடாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், மலிவான ரப்பர் டியூப்பை ஊறவைத்து விரிசல்விடச் செய்யும். கலவையை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி, பாரையும் செயினையும் துடைத்து எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். கூடவே ஒரு பிளக், ஒரு பெட்ரோல் டியூப், ஒரு ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு ஒன்று ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு மெஷின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்; புயல் அடித்த மறுநாள் எந்தக் கடையும் திறந்திருக்காது.