சர்ச் நிலத்துல வீடு கட்டக் கெளம்பிட்டீங்களா? எங்க சொதப்பலை ஒரு தடவை படிச்சிருங்க

நான் கலிஃபோர்னியால இருக்கேன், ஆறு வருஷமா எங்க சபையோட ஹவுசிங் கமிட்டில ஒரு ஆளு. கமிட்டின்னா பெருசா நெனச்சுக்காதீங்க, ஆராதனை முடிஞ்சு காபி குடிக்கும்போது நழுவத் தெரியாம மாட்டிக்கிட்ட ஏழு பேரு, அவ்வளவுதான். இப்ப மத்த சபைல இருந்தும் கோயில் டிரஸ்ட்ல இருந்தும் நம்ம தமிழ் ஆளுங்க போன் பண்ணி "எங்ககிட்டயும் பின்னாடி ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்கு, வாடகை கட்ட முடியாதவங்களுக்கு ஏதாவது கட்டலாமா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல் தப்பு, ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி பிளானைப் பாக்குறது. எங்க சபைல ஒரு அங்கிள் சிவில் இன்ஜினியர், முதல் மீட்டிங்குக்கே மூணு மாடிக்கு டிராயிங் போட்டு எடுத்துட்டு வந்துட்டாரு. நாலு மாசம் பால்கனி இருக்கணுமா வேணாமான்னு சண்டை. இதுல யாரு குடியிருக்கப் போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அப்புறம் யாரோ சொல்லி வீட்டுக்கு வீடு எட்டு பத்து பேரா உக்காந்து பேச ஆரம்பிச்சோம், அஜெண்டா கிடையாது, "உங்க வாடகை எவ்வளவு, எப்பவாவது வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருக்காங்களா" இந்த ரெண்டே கேள்விதான். மூணாவது கூட்டத்துல எங்க சர்ச் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குற அண்ணன் வாயத் திறந்தாரு. வீடு ரெண்டரை மணி நேர தூரத்துல, பெட்ரோலுக்கும் தூக்கத்துக்கும் கட்டுப்படியாகாம வாரத்துல நாலு நாள் கார்லயே படுத்துக்கிறாராம். கார் எங்க நிக்கும்னு கேட்டா, எங்க பார்க்கிங் லாட்ல, குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி. ஆறடி தள்ளி நின்னு நாங்க பால்கனி பேசிட்டு இருந்திருக்கோம்.

இந்த விஷயத்துல படிக்க வேண்டிய கதை நியூயார்க்ல ஈஸ்ட் புரூக்ளின். 1970கள்ல பிரவுன்ஸ்வில், ஈஸ்ட் நியூயார்க் பக்கமெல்லாம் எரிஞ்ச கட்டடமும் காலி மனையுமா கெடந்துச்சு. அங்க இருந்த கத்தோலிக்க, பாப்டிஸ்ட், லூத்தரன் சபைகள் சேந்து ஈஸ்ட் புரூக்ளின் காங்கிரிகேஷன்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. சால் அலின்ஸ்கி 1940ல சிகாகோல தொடங்குன, மக்களைத் திரட்டக் கத்துக்குடுக்குற இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன்தான் அவங்களுக்குப் பயிற்சி குடுத்துச்சு. எடுத்த எடுப்புல வீட்டுல கை வைக்கல அவங்க. தெருப் பெயர்ப் பலகை இல்லாத மூலைங்கள்ல பலகை வெக்க வெச்சாங்க, சூப்பர்மார்க்கெட்ல கெட்டுப்போன கறி விக்கிறதைக் கும்பலா போய் செக் பண்ணாங்க. சின்ன வேலைதான், ஆனா ஒரு தடவை ஜெயிச்ச கூட்டம் அடுத்த மீட்டிங்குக்குத் தானா வரும். அதுக்கப்புறம்தான் வீடு கட்டுற நெகேமியா திட்டம், எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டுன அதே நெகேமியா பேருதான். பைபிள்ல நெகேமியா மூணாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க, பிரசங்கத்துல எல்லாரும் தாண்டிப் போற வெறும் பேரு லிஸ்ட், ஆனா அதுல பல பேரு அவனவன் வீட்டுக்கு எதிர்ல இருக்கிற சுவரைத்தான் கட்டுறான். புரூக்ளின்ல நடந்ததும் அதேதான்.

காசு விஷயத்துலயும் அவங்ககிட்ட கத்துக்கணும். சபைகளும் மறைமாவட்டமும் சொந்தப் பணத்தைப் போட்டு வட்டியில்லாத கட்டுமானக் கடனா சுத்த விட்டாங்க, அதாவது வீடு வித்த காசு திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குப் போகும். சிட்டிகிட்ட நிலமும், வீட்டுக்கு 10,000 டாலர் வட்டியில்லாத கடனும் வாங்குனாங்க, அப்ப மேயர் எட் காட்ச். ஐ.டி. ராபின்ஸ்னு ஒரு பில்டர், ஒண்ணு ரெண்டா கட்டாம வரிசை வரிசையா பொதுச் சுவரோட மொத்த பிளாக்கையும் ஒரே மூச்சுல கட்டுனாதான் விலை எறங்கும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு, அப்படியே கட்டி ஆயிரக்கணக்குல வீடு வந்துச்சு. வாங்குனவங்கள்ல நிறைய பேரு பக்கத்துல அரசாங்கக் குடியிருப்புல வாடகைக்கு இருந்தவங்க. முதல்ல கையில பணத்தையும் ஆளையும் வெச்சுக்கிட்டுதான் மேயர்கிட்ட போனாங்க. நாம பெட்டிஷனோட போறோம், அதான் வித்தியாசம்.

ரெண்டாவது, "எங்க ஆளுங்களுக்கு மட்டும்". கேட்ட பத்துல எட்டு பேரு இதைக் கேக்குறாங்க, "நம்ம சபை வயசானவங்களுக்குன்னு கட்டிக்கலாம்ல?" கட்டிக்கலாம், முழுக்க உங்க காசுல, லாபமில்லாம கட்டுனா சட்டத்துல கொஞ்சம் இடம் இருக்கு. ஆனா குறைஞ்ச வருமான வீடுகளுக்குன்னு இருக்கிற ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட் பணம் (முதலீட்டாளருக்கு வரிச்சலுகை குடுத்துத் திரட்டுறது) வாங்கினா வீட்டைப் பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்து விட்டாகணும், இங்க முக்கால்வாசி பிராஜெக்ட் அந்தக் காசுலதான் ஓடுது. 1968 ஃபேர் ஹவுசிங் சட்டம் மதம் பாத்து வீடு குடுக்காதேன்னு சொல்லுது. எங்க சபைல இதை லேட்டா சொன்னதால ரெண்டு குடும்பம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அதனால முதல் நாளே மேடையில நின்னு சொல்லிருங்க, இந்த வீட்டுக்கு லாட்டரி குலுக்கல்ல யாரு பேரு வருதோ அவங்கதான் வருவாங்க, அவங்க நம்ம பாட்டுப் பாட மாட்டாங்க.

மூணாவது, சட்டத்துல தலைப்பை மட்டும் படிக்கிறது. கலிஃபோர்னியால 2023ல செனட் பில் 4 பாஸ் ஆச்சு, மாநில செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டு வந்தது, 2024 ஜனவரில இருந்து அமல். மத அமைப்புக்கும் லாபநோக்கமில்லாத காலேஜுக்கும் சொந்தமான நிலத்துல, ஜோனிங் (எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கிற ஊர் விதி) என்னவா இருந்தாலும், கண்டிஷனுக்கு உட்பட்டு இருந்தா சிட்டி கவுன்சில் ஓட்டு இல்லாமலே அனுமதி குடுத்தாகணும். இதைக் கேட்டுட்டு "அப்ப லக்ஸுரி கொஞ்சம், ஏழைக்கு கொஞ்சம் கட்டிக்கலாம்"னு ஒருத்தர் வந்தாரு. முடியாதுங்க. அடிப்படைல அத்தனை வீடும் குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு, விதிவிலக்கா நடுத்தர வருமானத்துக்கு அதிகபட்சம் 20 சதவீதம், சபை ஊழியர்களுக்கு 5 சதவீதம் வரைக்கும் ஒதுக்கலாம். வாடகை வீடுன்னா 55 வருஷம் இந்தக் கட்டுப்பாடு ஓடும், சொந்தமா விக்கிறதுன்னா 45. ஆயில் ரிஃபைனரி, கனரகத் தொழிற்சாலை கிட்ட இருக்கிற மனைக்குக் கிடையாது. முக்கியமா, அனுமதி வேற பணம் வேற, இந்தச் சட்டம் ஒரு டாலர் கூட தராது.

அடுத்தது நிலம். தயவுசெஞ்சு முதல்ல வந்த டெவலப்பர் நீட்டுன பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. எங்ககிட்ட ஒருத்தர் வந்தாரு, பேரு வேணாம், ரொம்ப மரியாதையா பேசினாரு, ஜெபம் கூட பண்ணினாரு, கடைசில நீட்டுன ஒரு பக்க புரிந்துணர்வுக் கடிதத்துல ரெண்டு வருஷம் வேற யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு பொடி எழுத்துல இருந்துச்சு. எங்க டிரெஷரர் ஆன்ட்டி மட்டும் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடி படிச்சதால தப்பிச்சோம். நிலத்தை விக்காம நீண்டகால குத்தகைக்கு விடுங்க, 55, 75, 99 வருஷம்னு போடுவாங்க. டாக்ஸ் கிரெடிட் பிராஜெக்ட்ல கட்டடத்துக்குச் சொந்தக்கார கம்பெனில முதலீட்டாளர் பங்கு பேருக்கு 99 சதவீதத்துக்கு மேல இருக்கும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க, வரிச்சலுகைக்காகத்தான் அது. உங்க பலம் மண்ணுல இருக்கு. குத்தகை முடிஞ்சா கட்டடம் யாருக்கு, நடுவுல விக்கிறதா இருந்தா முதல்ல உங்ககிட்ட கேக்கணுமா, கீழ்த்தளத்துல உங்க ஆராதனைக் கூடத்துக்கு இடம் உண்டா, இந்த மூணையும் உங்க வக்கீல் எழுதணும். அவங்க வக்கீல் எழுதுனதை நீங்க திருத்துறதெல்லாம் வேலைக்காகாது.

"அஃபோர்டபிள்"னு மொட்டையா சொல்றதும் தப்பு. யாருக்கு அஃபோர்டபிள்? கணக்கு அந்த ஏரியாவோட நடு வருமானத்தை வெச்சு வருது, அதுல 30 சதவீதம், 50, 60, 80ன்னு படி இருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா மாதிரி சாஃப்ட்வேர் சம்பளம் ஏத்திவிட்ட ஊர்ல 80 சதவீதப் படில கட்டுன வீட்டுக்கு நம்ம பெருக்குற அண்ணனால வாடகை கட்ட முடியாது. எந்தப் படிக்கு எத்தனை வீடுன்னு கேளுங்க, பதில் வராத வரைக்கும் கைதட்டாதீங்க.

அரசியல் பத்தி ஒரு வரி, ஏன்னா நிறைய பேரு இதுக்குப் பயந்தே ஒதுங்கிடுறாங்க. 1954ல வந்த ஜான்சன் திருத்தம் சபை, தர்ம அமைப்பு மாதிரி வரிவிலக்கு வாங்குறவங்க வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாதுன்னு சொல்லுது, அவ்வளவுதான். ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள் போடலாம், எல்லா வேட்பாளரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேக்கலாம், வாடகைச் சட்டத்தைப் பத்தி ஒரு அளவோட லாபி கூட பண்ணலாம். கேக்கும்போது மட்டும் "வீட்டுப் பிரச்சினை பத்தி உங்க கருத்து என்ன"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எந்தக் கவுன்சிலரும் இருபது நிமிஷம் பேசுவாரு. "இந்த வருஷ பட்ஜெட்ல ஹவுசிங் ஃபண்டுக்கு ஓட்டுப் போடுவீங்களா, ஆமாவா இல்லையா?" கேட்டுட்டு மைக்கை அவர் முன்னாடி வெச்சுட்டு அமைதியா நில்லுங்க.

கடைசியா பார்க்கிங். சட்டம் கவுன்சில் ஓட்டைத் தூக்கிட்டாலும் அக்கம்பக்கத்தவங்க வருவாங்க, அவங்க மனசுல என்ன இருந்தாலும் வாயில பார்க்கிங்தான் வரும். எங்க முதல் கூட்டத்துல நாங்க வசனம் சொன்னோம், "உன் அயலானை நேசி"ன்னு அயலான்கிட்டயே, மூஞ்சியெல்லாம் சிவந்துபோச்சு. ரெண்டாவது கூட்டத்துக்கு முன்னாடி எட்டு ஞாயிறு கிளிப்போர்டோட நின்னு எண்ணினோம். 140 இடம், ஈஸ்டரைத் தவிர எந்த ஞாயிறும் 61 காரைத் தாண்டல. ராத்திரில எண்ணினப்ப ஒரே ஒரு கார், குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு நாற்காலிலயும் வெச்சோம், அன்னைக்குப் பார்க்கிங் பேச்சு பத்து நிமிஷத்துல முடிஞ்சு, "எப்ப தோண்ட ஆரம்பிப்பீங்க, தூசி வருமா"ங்கிற கேள்விக்கு வந்துட்டாங்க.