அறையில் சோறாக்க எந்தக் குக்கர்?

அறை எடுத்துப் படிக்கும் தம்பி தங்கைகளே, எலெக்ட்ரிக் ரைஸ் குக்கருக்கு அவசரப்படாதீர்கள். அடுப்பே இல்லாத அறைக்குத்தான் அது. மற்றபடி 3 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று போதும். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் அதிலேயே ஆகிவிடும். அரிசி பொங்கி வருமே, அதனால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் கடைக்கு ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். குக்கரின் அடியில் ஒட்டினால்தான் வாங்கலாம். வெறும் அலுமினியம் அதில் சூடேறாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் முக்கியம்.

தெரிந்தவர் வீட்டுப் பழைய குக்கர் கிடைத்தால் இன்னும் மலிவு. ஆனால் கேஸ்கெட்டையும் (மூடியில் இருக்கும் ரப்பர் வளையம்) சேஃப்டி வால்வையும் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பொன்னி புழுங்கலுக்கு 1 டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணீர்.