பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் காரும் கிடைக்காத பார்ட்ஸும்: தொடக்கநிலையாளர்களுக்கு

“அந்த பார்ட் நிறுத்தியாச்சு” என்று பதில் வந்ததும் பாதிப் பேர் காரையே விற்றுவிட யோசிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் நின்றுபோனது அந்தக் கம்பெனி டப்பாவில் வரும் பார்ட் மட்டும்தான். அதற்குள் இருக்கும் பேரிங்கும், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும் வேறு ஏதாவது மோட்டாருக்கோ பம்புக்கோ இன்றும் வந்துகொண்டிருக்கும்.

என்னிடம் இருப்பது 657 சிசி எஃப்6ஏ எஞ்சின் போட்ட சுஸுகி கப்புச்சினோ. வழிமுறை ஹோண்டா பீட்டுக்கும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5க்கும் இதேதான். காரை ஸ்டாண்டில் ஏற்றுவது, ஆயில் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எண்ணைப் பிடியுங்கள்

கார் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். கப்புச்சினோவிலேயே இரண்டு வகை: இஏ11ஆர் என்றால் எஃப்6ஏ எஞ்சின், டைமிங் பெல்ட். இஏ21ஆர் என்றால் கே6ஏ, டைமிங் செயின். சேஸிஸ் எண்ணை வைத்து பார்ட் எண்ணை எடுத்த பிறகு, “இதற்கு மாற்று எண் வந்திருக்கிறதா?” என்று கட்டாயம் கேளுங்கள். பழைய எண் செத்திருக்கும், புது எண்ணில் அதே சாமான் இருக்கும்.

2. சொந்தக்காரக் கார்களை, அதாவது பார்ட்ஸைப் பகிரும் உறவுக் கார்களைத் தேடுங்கள்

எஃப்6ஏ எஞ்சின் ஆல்டோ வொர்க்ஸ், ஜிம்னி, ஆட்டோஸாம் ஏஇஸட்-1 ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் எஞ்சின் பெயர் ஒன்று என்பதால் எல்லாம் பொருந்திவிடாது. ஜேஏ11 ஜிம்னியில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒன்றுதான், கப்புச்சினோவில் இரண்டு. கீழ்ப்பகுதி சாமான்களுக்கு ஜிம்னியைப் பாருங்கள், அதையும் எண்ணை ஒப்பிட்ட பிறகு. ஹெட் பக்கம் போகவே வேண்டாம்.

3. அளந்து வாங்குங்கள்

என்னை ரொம்ப நாள் திணறடித்த இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பேரிங் சுலபம். பக்கவாட்டில் எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மிமீ. யார் செய்தாலும் அதே அளவு. எண்ணுக்குப் பின்னால் வருவதையும் எழுதிக்கொள்ளுங்கள்: 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி. சூடேறும் இடத்தில் இருக்கும் சி3 பேரிங்குக்குப் பதில் சாதாரணதைப் போட்டால் சீக்கிரம் இறுகிவிடும்.

ஆயில் சீல்தான் வம்பு. பழைய சீலின் உதட்டை, அதாவது ஷாஃப்டை (சுழலும் தண்டை) ஒட்டி ஓடும் உள்விளிம்பை, அளந்தால் தப்பான எண் வரும். புதிதில் அந்த உதடு ஷாஃப்டைவிடச் சிறியது, ஓடித் தேய்ந்த பிறகு எந்த அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஷாஃப்டை அளவெடுங்கள், அதுவும் சீல் ஓடாத இடத்தில். சீல் ஓடிய தடத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அங்கே வெர்னியர் அளவுமானியை வைத்தால் அளவு குறைந்து காட்டும். வெளிவிட்டத்துக்கு சீல் உட்காரும் துளையை அளவெடுங்கள்.

பள்ளம் ஆழமாக இருந்தால், இடம் இருக்கும்பட்சத்தில், புது சீலை ஒன்றிரண்டு மிமீ முன்னே நிறுத்துங்கள். உதடு புது இடத்தில் ஓடும். இடம் இல்லையென்றால் ஷாஃப்டுக்கு மேல் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் போட வேண்டியதுதான். சில சீல்களின் உதட்டில் சாய்ந்த கோடுகள் இருக்கும். அவை சுழலும் திசைக்கு ஏற்றவை, மாற்றிப் போட்டால் ஆயிலை வெளியே இழுக்கும்.

வெர்னியர் 150 மிமீ எஃகு டிஜிட்டல் போதும். பிளாஸ்டிக் வெர்னியரை நான் தொடுவதில்லை.

4. ரப்பரில் கஞ்சம் வேண்டாம்

பெட்ரோல் இன்ஜெக்ஷன் லைனுக்கு ஜே30ஆர்9 (இன்ஜெக்ஷன் ஹோஸுக்கான தரக்குறியீடு) போட்ட ஹோஸ்தான் வேண்டும். கார்புரேட்டர் காருக்கான ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. பிரேக் காலிப்பருக்கான சீல் கிட் கிடைக்கவில்லையென்றால் பிஸ்டன் விட்டத்தை வைத்துத் தேடலாம், ஆனால் சீலின் பள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். உத்தேசமாகப் போடும் இடம் இல்லை இது. பூசுவதற்கு பிரேக்குக்கான ரப்பர் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் பிரேக் சீல்களில் வரும் இபிடிஎம் வகை ரப்பர் ஊதிவிடும்.

5. எதைச் சேர்த்து வைப்பது?

விளக்கு, கண்ணாடி, கதவு பீடிங், கப்புச்சினோவென்றால் கூரைத் துண்டுகள். இவற்றுக்குச் சொந்தக்காரக் கார் கிடையாது, நல்ல நிலையில் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். சீல், ஹோஸ் மாதிரி சாதாரண ரப்பரைப் பரணில் குவிக்காதீர்கள், சும்மா இருந்தாலே இறுகிப்போகும். கழற்றிய பழைய பார்ட்டை எறியாதீர்கள். நாளைக்கு யாராவது லேத்தில் கடைந்து தர வேண்டுமென்றால் மாதிரி அதுதான்.

வருடம் ஒருமுறை “நிறுத்தப்பட்ட” எண்களை மறுபடி சோதியுங்கள். 2017-இல் ஹோண்டா நிறுவனம் பீட் காருக்குச் சில பார்ட்ஸை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு மாஸ்டாவும் பழைய எம்எக்ஸ்-5க்கு மீட்டமைப்புச் சேவையை அறிவித்தது.

பின்சேர்க்கை: அளவு சரியாக இருந்தும் புது சீல் கசிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஷாஃப்டில் சாவிப் பள்ளம் (புல்லி, கியர் நழுவாமல் பிடிக்கும் உலோகச் சாவி உட்காரும் வெட்டு) இருக்கிறதா பாருங்கள். அதன் கூர் விளிம்பு, சீலை நுழைக்கும்போதே உதட்டைக் கீறிவிடும். பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் சுற்றி, உதட்டில் துளி ஆயில் தடவி நுழைத்த பிறகு டேப்பை உருவிவிடுங்கள்.