முதல் கவிதைத் தொகுப்பைப் பதிப்பகத்துக்கு அனுப்புவது எப்படி?

கையில் கவிதைகள் சேர்ந்துவிட்டன, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வு. எழுதியதையெல்லாம் சேர்க்க வேண்டாம். முதல் தொகுப்புக்கு நூறு பக்கத்துக்குள் இருந்தாலே தாராளம். ஏற்கெனவே சிற்றிதழிலோ இணைய இதழிலோ வந்த கவிதைகளுக்கு இதழின் பெயர், மாதம், ஆண்டு குறித்துவையுங்கள். நன்றிப் பக்கத்துக்குத் தேவைப்படும்.

அடுத்து கோப்பு. இதில்தான் பொறுமை வேண்டும். எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியிருந்தால், கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். அப்புறம் வேர்டில் பக்க அளவை 5.5 × 8.5 அங்குலமாக மாற்றுங்கள். கவிதை நூல்கள் பெரும்பாலும் இந்த டெம்மி அளவில்தான் வருகின்றன. ஏ4 தாளில் ஒரே வரியாக நின்றது இங்கே மடங்கி, கடைசிச் சொல் மட்டும் கீழே தனியாகக் கிடக்கும். படிப்பவர் அதை நீங்களே உடைத்த வரி என்றுதான் நினைப்பார். அந்த முடிவை வடிவமைப்பாளரிடம் விடாதீர்கள். எங்கே உடைய வேண்டுமோ அங்கே நீங்களே உடைத்துவிடுங்கள். ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்தில் தொடங்கட்டும். வேர்ட் கோப்புடன் பிடிஎஃப்பும் அனுப்புங்கள். அவர்கள் கணினியில் எழுத்து சிதைந்தால் மூலத்தைப் பார்த்துச் சரிசெய்ய அது உதவும்.

சரி, யாருக்கு அனுப்புவது? நாகர்கோவில் காலச்சுவடு, சென்னை உயிர்மை, பொள்ளாச்சி எதிர் வெளியீடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரசனை உண்டு. அவர்கள் வெளியிட்ட கவிதை நூல்களில் இரண்டையாவது படித்துவிட்டு முடிவெடுங்கள். நவம்பர், டிசம்பரில் அனுப்ப வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் அச்சு வேலைக்கே நேரம் போதாது. பிப்ரவரிக்குப் பின் அனுப்பினால் நிதானமாகப் படிக்க வாய்ப்பு அதிகம்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: “வணக்கம். 62 கவிதைகள் கொண்ட என் முதல் தொகுப்பை இணைத்துள்ளேன். இவற்றில் 15 கவிதைகள் இதழ்களில் வெளியானவை. உங்கள் பரிசீலனைக்கு.” கீழே பெயர், ஊர், தொலைபேசி எண். கவிதையைப் பற்றி நீங்களே விளக்க வேண்டாம். மூன்று மாதமாகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை கேட்கலாம். வேறு பதிப்பகத்துக்கும் அனுப்பியிருந்தால் மறைக்காதீர்கள்.

ஏற்றுக்கொண்டால் பணப் பேச்சு வரும். சிலர் அச்சுச் செலவைக் கேட்பார்கள், சிலர் நூறு பிரதியை நீங்களே வாங்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், புதியவர் காசு கொடுத்துப் புத்தகம் போட அவசரப்பட வேண்டியதில்லை. இன்னும் இரண்டு பதிப்பகங்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. உரிமை எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு, எத்தனை சதவீதம், எத்தனை பிரதி அச்சிடுவார்கள், மின்னூல் உரிமை யாருக்கு என்பதையெல்லாம் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.