பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தூய்மையாகப் பேணும் முறை

பங்குனி வெயில் தொடங்கியதும் மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் பழக்கம் இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் குறைந்த நீரை மேலும் மேலும் ஊற்றி நிரப்புவதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். மைனாவும் சின்னானும் தவிட்டுக்குருவியும் அந்த நீரில்தான் குளிக்கின்றன, அதையே குடிக்கின்றன, அதிலேயே எச்சமும் இடுகின்றன. நோயுற்ற புறா ஒன்று குடித்துச் சென்ற நீரின் வழியாக, தொண்டையில் புண்ணை உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி அடுத்து வரும் பறவைகளுக்குத் தொற்றக்கூடும். அழுக்குச் சட்டியை வைப்பதைவிட, வைக்காமலிருப்பதே மேல் என்று நான் கருதுவது இதனால்தான்.

சட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். வாய் அகன்ற, ஆழம் குறைந்த மண் சட்டி போதும். நீர் 5 சென்டிமீட்டருக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. மரக்கிளைக்கு நேர்கீழே வைத்தால் சருகும் எச்சமும் விழுந்துகொண்டே இருக்கும் என்பதால், கிளையிலிருந்து சற்று விலகி, நிழல் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

நாள்தோறும் காலையில் பழைய நீரை முழுவதுமாகச் செடிகளின் அடியில் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உட்புறத்தை ஒருமுறை தேய்த்துக் கழுவிய பிறகே புதிய நீரை ஊற்ற வேண்டும். காகங்கள் வரும் வீடாக இருந்தால் மாலையிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. காய்ந்த ரொட்டி, எலும்பு, மீன் தலை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து நனைத்துத் தின்பது அவற்றின் இயல்பு, அந்த நீர் சில மணி நேரத்திலேயே நாறத் தொடங்கிவிடும்.

வாரத்துக்கு இருமுறையாவது விளிம்பையும் உட்சுவரையும் கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் சுவரில்தான் தன் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. நீரைக் கொட்டினால் புழுக்கள் போகுமே தவிர, ஒட்டிய முட்டைகள் போவதில்லை. அவை உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் படும்போது பொரிகின்றன. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும்.

பச்சைப் பாசி படிந்திருந்தால் கல் உப்பைத் தூவி நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவலாம். ஆழ்துளைக் கிணற்று நீரால் படியும் வெள்ளைக் கறைக்கு, ஒரு பங்கு வினிகரை ஒன்பது பங்கு நீரில் கலந்து ஊறவைக்கலாம். சிமென்ட் தொட்டியோ மெருகேற்றிய பீங்கான் தொட்டியோ மிகவும் அழுக்காகிவிட்டால், திரவப் பிளீச்சை அதே ஒன்றுக்கு ஒன்பது அளவில் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை முற்றிலும் நீங்கும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வெளிப்படும். மண் சட்டி நீரை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் அதற்குப் பிளீச் வேண்டாம். வெந்நீரும் வெயிலும் போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம், அதன் மிச்சம் இறகுகளிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கிவிடக்கூடும்.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றொன்று கழுவப்பட்டு வெயிலில் காயும். இதனால் பறவைகளும் ஏமாந்து திரும்புவதில்லை.

சட்டியருகே இறகை உப்பிக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையையோ இறந்த பறவையையோ கண்டால், கோடையாக இருந்தாலும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு வாரமாவது சட்டியை எடுத்துவிட வேண்டும். பல பறவைகள் ஒரே சமயத்தில் இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். சட்டி தேய்க்கும் பிரஷ்ஷைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் தனியே வைத்து, வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

நான்கு நாள் வெளியூர் செல்வதாக இருந்தால், பார்த்துக்கொள்ள ஆளில்லாதபோது சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் நீரை ஊற்றுமுன் விளிம்பை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.