மலைநாட்டு வண்டிக்கு எந்த அண்டர்கோட் அடிப்பது?

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேல் என்று புது அண்டர்கோட், அதாவது துருப் பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கிற பூச்சு. விற்றவர் முதலில் காட்டியதே அதைத்தான், நானும் அதை நம்பித்தான் காசு கொடுத்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து ஹட்டன் ரோட்டில் டயர் மாற்ற ஜாக்கி வைத்தபோது சேசிஸ் அப்பளம் மாதிரி உள்ளே நொறுங்கியது. கறுப்பை உரித்தால் கீழே ஏடு ஏடாகத் துரு. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருந்தார்கள், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மூன்று மடங்கு வேகமாகத் தின்றிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதனால் எந்த அண்டர்கோட் என்று கேட்பதற்கு முன், உங்கள் வண்டியில் ஈரம் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். நம்ம பக்கம் மழை மட்டும் இல்லை, பனிமூட்டம் இருக்கிறது, மட்கார்டுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் காயாத செம்மண் இருக்கிறது. எல்லாவற்றையும் விட மோசமானது உரம். தோட்டத்துக்கு உரம் ஏற்றுகிற லொறி, டிராக்டர் டிரெய்லர் எல்லாம் மற்ற வண்டிகளுக்கு முன்னாலேயே ஓட்டை விழுவதற்குக் காரணம் இதுதான்: எஸ்.ஏ. என்கிற அமோனியம் சல்பேட்டும் எம்.ஓ.பி. என்கிற பொட்டாசியம் குளோரைட்டும் உப்புகள், காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்து இரும்பின் மேல் உப்புத் தண்ணீராக நிற்கும். கடற்கரையே பார்க்காத வண்டிக்கும் கடற்கரைத் துரு வரும்.

ஜப்பானில் இருந்து வந்த வண்டி என்றால் இன்னொரு விஷயம். அங்கே பனி விழும் பக்கங்களில் ரோட்டுக்கு உப்புப் போடுவார்கள், ஹொக்கைடோவில் ஓடிய வண்டி இங்கே இறங்கும்போதே அடியில் துருவோடு இறங்கலாம். ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிக் கொடுக்கிற ஏல ஷீட் கிடைத்தால் அதில் எஸ் என்று போட்டிருந்தால் துரு, சி என்று போட்டிருந்தால் அரிப்பு.

சரி, வகைகளுக்கு வருவோம்.

தார் வகைதான் மலிவு, பெரும்பாலான கராஜ்களில் அடிப்பதும் அதுதான். காய்ந்தால் கெட்டியாகும், அதுதான் அதன் பலவீனமும். நம்ம ரோட்டில் கல் அடித்துச் சின்னதாக ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே நுழைந்து பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் குடியேறிவிடும். ரப்பர் வகை கொஞ்சம் மேல், கல் அடியைத் தாங்கும், சத்தமும் குறையும், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்கு நல்லது. ஆனால் துரு இல்லாத, ப்ரைமர் அடித்த தகட்டில் மட்டும். பழைய வண்டிக்கு முழுசாக ரப்பர் அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய வண்டிக்கு நான் சொல்வது மெழுகு வகை, இல்லாவிட்டால் லனோலின் வகை. லனோலின் என்பது செம்மறி ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கிற கொழுப்பு. இரண்டும் கல்லாக இறுகாது, கீறல் விழுந்தாலும் அடியில் ஈரத்தைப் பூட்டி வைக்காது. லனோலின் மடிப்புக்குள்ளும் வெல்டிங் ஓரத்துக்குள்ளும் ஊர்ந்து போகும். குறை என்னவென்றால் தூசி ஒட்டும், பிரஷர் அடித்துக் கழுவினால் கொஞ்சம் போய்விடும், வருஷத்துக்கு ஒரு தரம் திரும்ப அடிக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அடிக்கிற சாக்கில் வருஷா வருஷம் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம். அதோடு, இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்குத் திரும்ப 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இன்றைய விலையில் இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, சேசிஸ் உள்குழி, இங்கேதான் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே எவ்வளவு பூசினாலும் பிரயோசனம் இல்லை. நீள ட்யூப் மாட்டி மெழுகை உள்ளே அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதன் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளைக் குச்சி விட்டுத் திறந்து விடுங்கள். அவை அடைபட்டால் அண்டர்கோட்டே வண்டிக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி.

பழைய இஞ்சின் ஒயிலை டீசல் கலந்து அடிப்பது நம்ம ஊரில் ரொம்பக் காலப் பழக்கம். தயவுசெய்து விடுங்கள். அந்த ஒயிலில் எரிந்த அமிலம் இருக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டுவது எங்கே போகிறது என்றும் யோசியுங்கள். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. நம்ம லயத்துப் பிள்ளைகள் குளிக்கிற ஓடையும் அதில்தான் போய்ச் சேரும்.

எதை அடித்தாலும் முன்வேலைதான் பாதி. மண்ணைக் கழுவி, தளர்ந்த துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால் சேசிஸ் நெடுகத் தட்டிக் கேளுங்கள். டொக்கென்று செத்த சத்தம் வந்தால் அது வெல்டிங் பாஸ் வேலை, பூச்சு வேலை இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். டானிக் அமிலம் சேர்ந்த வகை துருவைக் கறுப்பாக மாற்றும், தேயிலைச் சாறு பட்ட கவ்வாத்துக் கத்தி கறுத்துப் போகிற மாதிரி. சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரம், சென்சர், ஹைபிரிட் என்றால் ஆரஞ்சு நிற வயர், இதில் எதிலும் படக்கூடாது. முன்கூட்டியே பொலித்தீன் சுற்றச் சொல்லுங்கள்.

பிறகு காயவேண்டும். இரண்டு முழு நாளாவது. ஜூன் மாதத்தில் ஹட்டனில் துணியே அடுப்புக்கு மேல்தான் காய்கிறது, சேசிஸ் எப்படிக் காயும்? தேயிலை தரமாக வருகிற குவாலிட்டி சீசனைக் கணக்கு வையுங்கள்: கொழுந்துக்கு நல்ல வறண்ட காற்றுத்தான் இதற்கும் நல்லது. டிம்புள்ள, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. நுவரெலியாவில் ஜனவரிக் குளிரில் மெழுகு கெட்டியாகிச் சரியாகப் பீய்ச்சாது, டின்னைக் கைபொறுக்கிற சூட்டுத் தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் இளகும்.

உரம் ஏற்றுகிற வண்டிக்கு இன்னொன்று. இறக்கிய அன்றைக்கே மேலும் அடியும் கழுவிவிடுங்கள், ஸ்ப்ரேயர் டிரொலிக்கும் இதே கதைதான். லொறித் தளத்துக்குப் பாலியூரித்தேன் லைனர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு நன்றாக நிற்கும், ஆனால் போல்ட் தலைகளைச் சுற்றி ஓரம் தூக்குகிறதா என்று மாதம் ஒரு தரம் நகத்தால் கிளறிப் பாருங்கள்.