16 கோர் இருந்தும் புரோகிராம் ஏன் திணறுகிறது? த்ரெட் விடயத்தில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் நாலு கோர் லப்டொப்பில் பறந்த புரோகிராம், சிங்கப்பூரில் உள்ள 16 கோர் கிளவுட் சேர்வரில் ஏற்றியதும் திணறுவது புதினமில்லை. இணைய இணைப்பைக் குறை சொல்ல முதல் எத்தனை த்ரெட் (புரோகிராமுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத் தொடர்) ஓடுகிறது என்று பாருங்கள்.

டொக்கர் கொன்டெய்னருக்கு (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் சூழல்) 2 சிபியு என்று எல்லை வைத்தால், லினக்ஸ் இரண்டு கோர்களை ஒதுக்கித் தருவதில்லை. ஒவ்வொரு 100 மில்லிசெக்கனுக்கும் 200 மில்லிசெக்கன் சிபியு நேரம் என்று பங்குதான் தருகிறது. புரோகிராமோ சேர்வரின் கோர்களை எண்ணி 16 த்ரெட் தொடங்குகிறது. அத்தனையும் ஒன்றாக ஓடினால் 12.5 மில்லிசெக்கனில் பங்கு தீர்ந்துவிடும், மீதி 87.5 மில்லிசெக்கனும் எல்லாம் உறைந்து நிற்கும். சேர்வரின் சராசரிப் பாவனையோ வெறும் 12.5 வீதம். அதைப் பார்த்துவிட்டு த்ரெட்டை இன்னும் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள்!

இந்தப் பங்கை அமுல்படுத்தும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பின் 'சிபியு.ஸ்டாட்' கோப்பில், எத்தனை தரம் இப்படி நிறுத்தப்பட்டது என்று காட்டும் 'என்ஆர்_த்ரொட்டில்ட்' எண் ஏறிக்கொண்டே போனால் வியாதி இதுதான். ஜாவா 10 இலிருந்தும் கோ 1.25 இலிருந்தும் இந்த எல்லையைத் தாமே கவனிக்கும். பைதனின் 'ஓஎஸ்.சிபியு_கவுண்ட்' கவனிக்காது, எண்ணிக்கையை நீங்களே கொடுங்கள். கணிப்பு வேலைக்குக் கிடைக்கும் சிபியு அளவே போதும். வலையமைப்புக்கோ டிஸ்க்குக்கோ காத்திருக்கும் வேலைக்கு மட்டும் கூட்டலாம்.

அடுத்தது கோரோடு கட்டிப்போடுவது. எந்தத் த்ரெட் எந்தக் கோரில் ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் த்ரெட்டை அங்கும் இங்கும் மாற்றுகிறது, கேஷ் (கோருக்குப் பக்கத்தில் உள்ள வேகமான சிறு நினைவகம்) வீணாகிறது என்று, குறித்த கோரோடு கட்டும் 'டாஸ்க்செட்' கட்டளையைப் போடுவார்கள். 'டாஸ்க்செட் -சி 0' என்று தொடங்கிய புரோகிராம் உருவாக்கும் எல்லா த்ரெட்டுக்கும் அந்தக் கட்டு பரம்பரைச் சொத்தாகப் போகும். எட்டு த்ரெட்டும் முதல் கோரிலேயே நெரிபட, மற்றக் கோர்கள் சும்மா கிடக்கும். லினக்ஸில் கோருக்கு ஒரு வரிசை உண்டு. ஒன்று நீண்டால் வேலையை அடுத்ததற்கு மாற்ற ஷெட்யூலருக்குத் தெரியும். அளந்து பார்த்து இலாபம் உறுதியானால் ஒழிய அதன் கையைக் கட்டவேண்டாம்.

ஷெட்யூலர் எவ்வளவு நன்றாகப் பகிர்ந்தாலும் காப்பாற்ற முடியாத பிழை ஒன்று உண்டு. நாலு த்ரெட்டுக்கும் தனித்தனி எண்ணிகள், ஆனால் அவை ஒரே அரேயில் 8 பைட் இடைவெளியில் இருக்கின்றன. எக்ஸ்86 பிராசசர்களில் ஒரு கேஷ் வரி (கேஷ் ஒரே தரத்தில் கையாளும் நினைவகத் துண்டு) 64 பைட். ஒரு கோர் தன் எண்ணியில் எழுதினாலே மற்றக் கோர்களில் உள்ள அந்த வரி செல்லாததாகும். லொக் (ஒரு த்ரெட் முடிக்கும்வரை மற்றதைக் காக்கவைக்கும் பூட்டு) எதுவும் இல்லாமலே ஒன்றையொன்று இழுத்து நிறுத்தும். எண்ணிகளை 64 பைட் இடைவெளியில் வையுங்கள். அதைவிட நல்லது, த்ரெட்டுக்குள்ளேயே உள்மாறியில் கூட்டி, முடிவில் ஒருதரம் மட்டும் எழுதுவது.

'லோட் அவரேஜ்' (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 8 என்றதும் சிபியு போதாது என்று முடிவெடுக்காதீர்கள். டிஸ்க்குக்குக் காத்து நிற்பவையும் லினக்ஸில் அதற்குள் சேரும். 'விஎம்ஸ்டாட்' கட்டளை காட்டும் 'ஆர்' நிரல், சிபியு கோரும் வேலைகளைச் சரியாகச் சொல்லும்.

முன்னுரிமையை ஆகக் குறைக்கும் 'நைஸ் 19' கொடுத்தும் பின்னணி வேலை அடங்கவில்லையா? ஆட்டோகுரூப் (வேலைகளைத் தானே குழுவாக்கிச் சிபியுவைப் பகிரும் வசதி) இயங்கும் டெஸ்க்டொப் லினக்ஸில் ஒவ்வொரு டெர்மினலும் தனிக் குழு. நைஸ் குழுவுக்குள்தான் செல்லுபடியாகும். இரண்டு வேலைகளையும் ஒரே டெர்மினலில் தொடங்குங்கள்.